தோலின் ஒலி: செவ்வியல் இசையை ஆழ்ந்து கேட்கப் பழகுதல்

(நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நிலவுரிமை பற்றியும், வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பற்றியும், தலித் இலக்கியத்தின் அழகியல் பற்றியும் பேசுவதற்குப் பழகியது நம் மேடை. இந்த ஆண்டு நினைவுச் சொற்பொழிவில் செவ்வியல் இசையைக் கேட்பது எப்படி என்று பேசப்போகிறேன் என்றதும் சில தோழர்கள் நேராகவே கேட்டார்கள்: "சபாவுக்குள் நடக்கிற சங்கதி நமக்கு எதற்கு?" நியாயமான கேள்வி. இந்த உரை முழுவதும் அதற்கான பதில்தான்.

தமிழில் 'கேள்வி' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. காதால் கேட்பதும் கேள்வி. விடை வேண்டிக் கேட்பதும் கேள்வி. திருக்குறளின் 42ஆம் அதிகாரத்தின் பெயர் 'கேள்வி'. அங்கே அது செவிவழியாகப் பெறும் அறிவு. இந்த இரண்டு பொருளையும் சேர்த்து வைத்துக்கொண்டு கேட்பதைத்தான் ஆழ்ந்து கேட்பது என்கிறேன். காதைத் தீட்டாமல் வெறும் வினா மட்டும் எழுப்பினால் நம் விமர்சனம் வாசலிலேயே நின்றுவிடும். வினாவே இல்லாமல் காதை மட்டும் தீட்டினால் நாமும் கண்மூடித் தலையாட்டுகிற ரசிகர்களில் ஒருவராகிவிடுவோம்.

1. காது யாருடைய சொத்து?

இசை உலகில் 'கேள்வி ஞானம்' என்றொரு வழக்கு உண்டு. முறையாகப் பாடம் கற்காமல், கேட்டுக் கேட்டே வரும் இசையறிவு அது. பத்து வயதுப் பிள்ளை ராகத்தின் பெயரைச் சொன்னால், "ரத்தத்திலேயே ஊறியிருக்கிறது" என்பார்கள். ரத்தத்தில் ராகம் ஊறாது. தொட்டிலில் கிடந்த நாள் முதல் அந்தப் பிள்ளையின் காதில் பாட்டு விழுந்திருக்கிறது. வீட்டில் பாட்டு வகுப்பு, மாலையில் கச்சேரி, மார்கழியில் ஒரு மாதத் திருவிழா. ஆயிரக்கணக்கான மணி நேரம் கேட்டதன் பலனுக்குப் பிறவிக் குணம் என்று பெயர் சூட்டிவிடுகிறார்கள்.

சேரியில் பிறந்த பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். தூரத்தில் பறை ஒலித்தால், அது சாவுக்கான அடியா, சாமிக்கான அடியா என்று பார்க்காமலே சொல்லும். சாமிச்சாத்து அடி, மாரடித்தல் அடி, ஒத்தையடி என்று அடிக்கு அடி வேறுபாடு அறிந்த காது அது. இதுவும் கேள்வி ஞானம்தான். ஒரு காதின் அறிவுக்குப் புத்தகமும் மாநாடும் பட்டமும் கிடைத்தன. இன்னொரு காதின் அறிவுக்கு அறிவு என்ற பெயரே கிடைக்கவில்லை.

இன்றைய கச்சேரி முறையும் கச்சேரி ரசிகரும் நெடுங்காலமாக மாறாமல் வந்த சங்கதிகள் என்று நினைக்க வேண்டாம். 1927இல் சென்னையில் காங்கிரஸ் மாநாட்டையொட்டி ஓர் இசை மாநாடு நடந்தது. அதன் தொடர்ச்சியாக 1928இல் மியூசிக் அகாடமி தோன்றியது. கோயில், தெரு, அரண்மனை, தனவந்தர் வீடு என்று பல இடங்களில் இருந்த இசை, டிக்கெட் வாங்கி வரிசையில் உட்கார்ந்து கேட்கும் சபா இசையாக உறுதிப்பட்டது. தேவதாசி மரபுப் பெண்களும் நாகசுரக் கலைஞர்களும் நெடுங்காலம் காத்துவந்த கலைக்குப் புதிய காவலர்கள் வந்தார்கள். இதற்கு முன்பே, தஞ்சாவூரில் வாழ்ந்த ஆபிரகாம் பண்டிதர் என்ற கிறித்தவ நாடார் மருத்துவர் சொந்தப் பொருளைச் செலவிட்டு இசை மாநாடுகளை நடத்தி, 1917இல் 'கருணாமிர்த சாகரம்' என்ற பெருநூலையும் வெளியிட்டிருந்தார். தமிழில் பாடவேண்டும் என்பதற்கே ஓர் இயக்கம் தேவைப்பட்டு, 1943இல் தமிழ் இசைச் சங்கம் பிறந்தது. ஆகவே, இந்த இசை யாருடையது என்ற வழக்கு பழையது. அதில் நாமும் ஒரு தரப்பு.

2. எங்கிருந்து தொடங்குவது?

விடுதி அறையில் ஒரு கைபேசியும் ஒரு ஜோடி இயர்போனும் இருந்தால் போதும். மாணவர்களுக்காக வரிசைப்படுத்திச் சொல்கிறேன்.

முதலில் சுருதி. தம்புராவில் நான்கு தந்திகள்: பஞ்சமம், சாரணி, அனுசாரணி, மந்தரம். நடுவில் உள்ள இரண்டும் சட்ஜம். கடைசித் தந்தி அதற்குக் கீழ்ச் சட்ஜம். தம்புரா ஒலியை மட்டும் ஐந்து நிமிடம் கேளுங்கள். முதலில் சலிப்பாக இருக்கும். பிறகு, எந்தத் தந்தியிலும் கூட்டப்படாத ஒரு ஸ்வரம் மெல்ல எழுவது காதுக்குத் தெரியும். அது அந்தர காந்தாரம். கீழ்ச் சட்ஜத் தந்தியின் அதிர்வுக்குள்ளேயே அது இருக்கிறது. யாரும் மீட்டாத ஒலியை நீங்கள் கேட்ட அந்தக் கணத்தில்தான் பயிற்சி தொடங்குகிறது.

அடுத்தது தாளம். ஆதி தாளத்துக்கு எட்டு எண்ணிக்கை. ஒரு தட்டு, மூன்று விரல் எண்ணிக்கை. பிறகு தட்டி வீச்சு, தட்டி வீச்சு. அவ்வளவுதான். பாடல் தட்டோடு சேர்ந்து தொடங்குகிறதா, தட்டு விழுந்து சற்றுத் தள்ளித் தொடங்குகிறதா என்று கவனியுங்கள். அந்த இடத்துக்கு 'எடுப்பு' என்று பெயர். அதைப் பிடித்துவிட்டால் பாடகரும் பக்கவாத்தியக்காரரும் எங்கே பிரிகிறார்கள், எங்கே வந்து சேர்கிறார்கள் என்பது புரியத் தொடங்கும்.

மூன்றாவது ராகம். இங்கேதான் பலர் மிரண்டு போகிறார்கள். எழுபத்திரண்டு மேளகர்த்தாவையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. இரண்டே ராகம் எடுத்துக்கொள்ளுங்கள்: சங்கராபரணம், கல்யாணி. இரண்டுக்கும் இடையே ஸ்வர அளவில் ஒரே வேறுபாடு மத்யமம். முன்னதில் சுத்த மத்யமம், பின்னதில் பிரதி மத்யமம். ஒன்றைக் கேட்டு உடனே மற்றதைக் கேட்டால், ஒரு ஸ்வரம் நகர்ந்ததும் மொத்த முகமும் மாறிவிடுவது தெரியும். ஒரு ராகத்தை ஒரு மாதம் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ராகத்தைக் குரலிலும் வீணையிலும் நாகசுரத்திலும் மாற்றி மாற்றிக் கேளுங்கள். டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ஆலாபனைப் பதிவுகள் இன்றும் கிடைக்கின்றன. அதில் சொல்லே இல்லை. சொல் இல்லாததால் சமஸ்கிருதம் தெரியாதே, தெலுங்கு தெரியாதே என்ற பயமும் இல்லை. ஸ்வரத்தின் படிக்கட்டு மட்டும் ராகமாகிவிடாது. ஒரு ஸ்வரத்தை எப்படி அசைக்கிறார்கள், எங்கே நிற்கிறார்கள், எதைத் தொட்டும் தொடாமலும் போகிறார்கள் என்பதில்தான் ராகத்தின் உயிர் இருக்கிறது. அதற்குக் கமகம் என்று பெயர். ஒப்பாரி வைக்கும் நம் வீட்டுப் பெண்களின் குரலில் அந்த அசைவை நாம் முன்பே கேட்டிருக்கிறோம்.

சினிமாப் பாட்டு வழியாகக் காதைப் பழக்குவதில் கூச்சம் வேண்டாம். 1985இல் வந்த 'சிந்து பைரவி' படத்தில் சித்ராவுக்கு முதல் தேசிய விருதைப் பெற்றுத்தந்த பாடல் ஒன்று உண்டு. நாட்டுப்புறப் பாட்டாகத் தொடங்கி, நடந்தபடியே தியாகராஜர் கீர்த்தனைக்குள் நுழைகிறது. அந்தக் கீர்த்தனையின் மூல ராகம் காம்போதி. இளையராஜா அதைச் சாரமதிக்கு மாற்றியிருக்கிறார். கிராமத்து மெட்டும் சபாக் கீர்த்தனையும் ஒரே ராகத்தில் எந்த இடத்தில் கைகோக்கின்றன என்று காதை வைத்துத் தேடிப் பாருங்கள். தையல் தெரியாது.

3. தோலைக் கேட்பது

இப்போது நான்காவது பயிற்சி. ஒரு கச்சேரிப் பதிவைப் போடுங்கள். பாடகரைக் கேட்காதீர்கள். மிருதங்கத்தை மட்டும் கேளுங்கள்.

சாதாரணத் தோல்கருவியை அடித்தால் எழும் மேலோசைகள் ஒன்றோடொன்று ஒழுங்கான விகிதத்தில் அமைவதில்லை. அதனால் அதில் தாளம் கேட்கும். ஒரு குறிப்பிட்ட ஸ்வரம் தெளிவாகக் கேட்காது. மிருதங்கத்தின் வலந்தலை அப்படியில்லை. அதைப் பாடகரின் சட்ஜத்தோடு சேர்க்கலாம். காரணம், நடுவில் இருக்கும் கறுப்பு வட்டம். அதற்குக் கரணை என்றும் சோறு என்றும் பெயர். சோற்றையும் ஒருவகைக் கல்லின் பொடியையும் பிசைந்து, படலம் படலமாகத் தடவி, ஒவ்வொரு படலத்தையும் தேய்த்துக் காயவைத்து ஏற்றுகிறார்கள். நடுவில் ஏறும் இந்த எடைதான் தோலின் மேலோசைகளை ஒழுங்குக்குக் கொண்டுவருகிறது. சி.வி. ராமன் 1920இல் 'நேச்சர்' இதழிலும், பிறகு 1934இல் விரிவான கட்டுரையிலும் இதை விளக்கினார். தந்தியில் எழுவதுபோல ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து மடங்கு என்ற வரிசையில் இந்தத் தோலிலும் மேலோசைகள் எழுகின்றன என்று காட்டினார். இடப்பக்கமான தொப்பியில் கச்சேரிக்கு முன் ரவையைப் பிசைந்து ஒட்டுவார்கள். அந்தக் கனத்த அடிக்குரல் அதனால் வருகிறது.

ராமன் விளக்கியதை, ராமனுக்கு வெகுகாலம் முன்பிருந்தே கையால் செய்துவந்தவர்கள் யார்?

பலாக்கட்டை, மாட்டுத்தோல், ஆட்டுத்தோல், எருமைத்தோல் வார். இவை சேர்ந்ததுதான் மிருதங்கம். தோலைத் தேர்ந்தெடுத்து, பதப்படுத்தி, அறுத்து, மூட்டுக் கட்டி, வார் இழுத்து, கரணை போட்டு, நாதம் வரவழைப்பவர்களில் பெரும்பாலோர் தலித்துகள், அவர்களிலும் பெருமளவு தலித் கிறித்தவர்கள். தஞ்சாவூரின் செபாஸ்டியன் வழிவந்த குடும்பத்தார் இதில் புகழ்பெற்றவர்கள். பாலக்காடு மணி ஐயரின் மிருதங்க நாதத்தை இன்றும் அதிசயமாகப் பேசுகிறோம். அந்த நாதம் பர்லாந்து என்ற கைவினைஞரோடு சேர்ந்து அவர் செய்த சோதனைகளில் பிறந்தது. பாடகர் டி.எம். கிருஷ்ணா இவர்களுடைய வரலாற்றை 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்ற ஆங்கில நூலாக எழுதி, அது 2020இல் வந்தது. மாட்டுத்தோலையும் சாதியையும் பற்றிய அதன் ஒரு பகுதி நாளிதழில் வெளியானதும், வெளியீட்டு விழாவுக்குத் தந்திருந்த அரங்கைக் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றுக்கொண்டது. விழா ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசத்தில் நடந்தது. தோல் மேடையில் இருக்கலாம். தோலைப் பற்றிய பேச்சு மேடை ஏறக்கூடாது என்பதாகவே அந்த முடிவு ஒலித்தது.

இந்த உரையில் நான் சொல்ல வந்த முக்கியமான செய்தி இதுதான். கரணை போடுகிறவர் ஒவ்வொரு படலத்துக்கும் தட்டிக் கேட்கிறார். இன்னும் கொஞ்சம் வேண்டுமா, போதுமா என்று அவருக்குச் சொல்வது அவருடைய காது மட்டுமே. தோலைக் கையில் எடுத்ததும், இது எந்தக் கட்டைச் சுருதிக்குத் தாங்கும் என்று கணிக்கிறார். வித்வான் "நாதம் கொஞ்சம் அடைப்பாக இருக்கிறது" என்று ஒற்றை வார்த்தை சொன்னால், அதைத் தோலின் கனமாகவும் வாரின் இழுப்பாகவும் மொழிபெயர்த்துக்கொள்கிறார். இந்த இசை உலகத்தின் மிக நுட்பமான காதுகளில் ஒன்று சபாவின் முன்வரிசையில் இல்லை, பட்டறையில் இருக்கிறது. ஆழ்ந்து கேட்பது நாம் பிறரிடம் கடன் வாங்கவேண்டிய கலை என்ற எண்ணத்தை இங்கே விட்டுவிடலாம். நம் மக்கள் அதைத் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்திருக்கிறார்கள். அந்தக் கேட்புக்கு 'ஞானம்' என்று பெயர் வைக்க ஆளில்லை.

கச்சேரியில் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் ஒரு கூட்டம் எழுந்து கான்டீனுக்குப் போவதைச் சென்னைச் சபாக்களில் பார்க்கலாம். தோல் தனியாகப் பேசுகிற நேரம் அது. நீங்கள் போகும்போது எழுந்திருக்காதீர்கள்.

4. நந்தன் கேட்டது

ஐந்தாவது பயிற்சி சொல்லைக் கேட்பது. இதற்கு நந்தனாரைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு இல்லை.

12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதிய பெரியபுராணத்தில் நந்தனார் ஆதனூர்ப் புலைப்பாடியில் வாழ்கிறார். சிவன் கோயில்களின் முரசுக்குப் போர்க்கும் தோலும் இழுக்கும் வாரும் தருகிறார். வீணைக்கும் யாழுக்கும் நரம்பு தருகிறார். கோயிலுக்குள் ஒலிக்கும் இசைக்கு மூலப்பொருள் அவருடையது. கோயில் வாசலுக்கு உள்ளே அவருக்கு இடமில்லை. எண்ணூறு, தொள்ளாயிரம் ஆண்டுக்கு முன்பே இந்த உண்மை தமிழில் எழுதப்பட்டுவிட்டது. மிருதங்கப் பட்டறைக்கும் சபாவுக்கும் இடையிலான தூரம் அந்தப் பழைய வாசலிலிருந்து வருவதுதான்.

19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் இந்தக் கதையை 'நந்தனார் சரித்திரக் கீர்த்தனை'யாக விரித்தார். பெரியபுராணத்தில் இல்லாத ஒரு பாத்திரத்தைப் படைத்தார்: நிலவுடைமையாளரான வேதியர். நாற்பது வேலி நிலத்துப் பயிர்வேலையை முடித்துவிட்டுச் சிதம்பரம் போ என்று நிபந்தனை போடுகிறார் அவர். பண்ணையாள் முறையை, கூலியை, ஆண்டையின் சொல்லை ஒரு பிராமணக் கவிஞர் இசைக்குள் கொண்டுவந்தது சாதாரண செய்தியன்று. ஆனால் அவர் படைத்த நந்தன் பணிந்து கேட்கிறான், எதிர்த்துக் கேட்பதில்லை. இறுதியில் தீக்குள் புகுந்துதான் தில்லையில் இடம் பெறுகிறான். இந்தக் கதையின் மேல் நம் விமர்சனம் இன்னும் முடியவில்லை. 1948இல் அண்ணல் அம்பேத்கர் 'தீண்டப்படாதார்' பற்றிய தம் ஆங்கில நூலை நந்தனார், ரவிதாசர், சோகாமேளர் ஆகிய மூவரின் நினைவுக்குக் காணிக்கையாக்கினார் என்பதையும் இங்கே நினைவில் கொள்வோம்.

அந்தச் சரித்திரத்தில் 'வருகலாமோ' என்ற பாடல் மாஞ்சி ராகத்தில் அமைந்தது. இன்றும் கச்சேரிகளில் உருக்கமாகப் பாடப்படுகிறது. அதை மூன்று முறை கேளுங்கள்.

முதல் முறை ராகத்தை மட்டும். மாஞ்சி பைரவிக்கு மிக நெருங்கிய ராகம். விளம்ப காலத்தில், ஸ்வரங்களை இழைத்து இழைத்துப் பாடும்போதுதான் அதன் சாயல் தெரியும். வேகமாகப் பாடினால் பைரவிக்குள் கரைந்துவிடும். தயங்கித் தயங்கி நகரும் ராகம்.

இரண்டாம் முறை சொல்லோடு. பேசுபவர் யார், எங்கே நிற்கிறார், யாரிடம் என்ன அனுமதி கேட்கிறார் என்று பாருங்கள். உள்ளே வரலாமா என்று வெளியே நிற்கும் ஒரு மனிதர் கேட்கிறார். தயக்கம் ராகத்திலும் இருக்கிறது, நிற்கும் இடத்திலும் இருக்கிறது. பாரதியாரின் கலைத்திறன் இந்தப் பொருத்தத்தில் தெரியும். அதை ஒப்புக்கொள்வதால் நமக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

மூன்றாம் முறை அரங்கத்தோடு. இந்தக் கேள்வியை இப்போது பாடுபவர் யார்? எந்த வாசலிலும் தடுத்து நிறுத்தப்படாத ஒருவர், தடுக்கப்பட்டவரின் குரலில் பாடும்போது, கண்ணீர் விடும் அரங்கம் எதற்காக அழுகிறது? பக்தியின் உருக்கத்துக்கா, அந்த வாசலின் அநீதிக்கா? பாடகருக்குப் பக்கத்தில் அதிர்ந்துகொண்டிருக்கும் தோல் எங்கிருந்து வந்தது என்று எத்தனை பேர் நினைக்கிறார்கள்?

மூன்று முறையும் நீங்கள் கேட்டது ஒரே பாடல்தான். மூன்றாவது கேள்வி முதல் இரண்டையும் அழிக்காது. ராகத்தின் அழகு அப்படியே இருக்கும். அதோடு வேறொன்றும் கேட்கும்.

5. இரண்டு மறுப்புகள்

"இசைக்குச் சாதி கிடையாது, ஒலியை ஒலியாகக் கேட்க வேண்டும்" என்பது ஒரு மறுப்பு. ஒலிக்குச் சாதியில்லை என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஒலியை உண்டாக்குகிறவர், கற்பிக்கிறவர், மேடையேற்றுகிறவர், உட்கார்ந்து கேட்கிறவர் எல்லோருக்கும் இந்த நாட்டில் சாதி இருக்கிறது. ஒலியை முழுமையாகக் கேட்க வேண்டுமென்றால் அதன் தோல்வரை போகவேண்டும்.

நம் தரப்பிலிருந்து வரும் இன்னொரு மறுப்பு கூடுதல் கனமானது. தோல்வேலையைப் புகழ்ந்து பேசுவது மறுபடியும் நம்மை அந்த வேலையிலேயே கட்டிப்போடாதா? 1927இல் மகாட் மாநாட்டில் அம்பேத்கர் செத்த மாட்டை இழுப்பதையும் அதன் இறைச்சியைத் தின்பதையும் கைவிடச் சொன்னார். சாவுக்குப் பறையடிக்க மாட்டோம் என்று மறுத்ததற்காக அடிபட்ட ஊர்கள் நம்மிடம் உண்டு. சாதி வேலையைப் பிரிப்பதோடு நிற்காமல் வேலை செய்பவர்களையும் அடுக்கடுக்காகப் பிரிக்கிறது என்று அவர் விளக்கியது நமக்குத் தெரியும். ஆகவே தெளிவாகச் சொல்கிறேன். மிருதங்கம் செய்கிறவரின் பிள்ளை பொறியாளராக விரும்பினால் அது அவர் உரிமை. அதே பிள்ளை மிருதங்கம் வாசிக்க விரும்பினால், செய்த கைக்கு வாசிக்கும் மேடையும் வேண்டும் என்பது நம் கோரிக்கை. செயற்கைத் தோல் மிருதங்கங்களும் இன்று வந்துவிட்டன. ஒரு தொழில் மறையலாம். அந்தத் தொழிலுக்குள் திரண்ட அறிவு யாருடையது என்ற பதிவு மறையக்கூடாது.

நம் இசைக்கு நம் மேடைகள் இருக்கின்றன. பறை பெருமையோடு தெருவுக்கு வந்துவிட்டது. நீலம் பண்பாட்டு மையம் 2020 முதல் 'மார்கழியில் மக்களிசை'யை நடத்துகிறது. அப்படியிருக்கச் சபா இசைக்குக் காது கொடுப்பானேன் என்று கேட்கலாம். ஒன்றைக் கேட்கப் பழகிய காது மற்றதையும் கூர்மையாகக் கேட்கும் என்பது என் அனுபவம். மிருதங்கத்தின் கரணையைப் புரிந்துகொண்டபின் பறையைக் கேட்டுப் பாருங்கள். இங்கே கரணை இல்லை. தோலைத் தீயில் காய்ச்சிச் சுருதி ஏற்றுகிறார்கள். சிண்டுக்குச்சிக்கு ஒரு குரல், அடிக்குச்சிக்கு ஒரு குரல். மிருதங்கம் ஓர் அறைக்குள் ஒரு குரலோடு இழையச் செய்யப்பட்டது. பறை திறந்த வெளியில் ஊர் முழுவதும் எட்டச் செய்யப்பட்டது. இரண்டும் இரண்டு வகையான ஒலியறிவு. ஒன்றை உயர்வென்றும் மற்றதைத் தாழ்வென்றும் சொன்னது காதின் தீர்ப்பில்லை. பறை என்ற சொல்லுக்கே 'சொல்' என்றும் பொருள் உண்டு.

மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். மார்கழியில் சென்னையின் பல சபாக்களில் பகல்நேரக் கச்சேரிகளுக்குக் கட்டணம் இல்லை. நான்கைந்து பேராகச் சேர்ந்து போங்கள். தாளம் போடுங்கள், தவறினால் மறுபடி போடுங்கள். தனி ஆவர்த்தனம் முடியும்வரை உட்காருங்கள். பிறகு அவரவர் ஊரில், மாவட்டத்தில் இருக்கும் தோல்கருவிப் பட்டறைகளுக்கும் போங்கள். செய்கிறவர்கள் பேச விரும்பினால் அவர்கள் சொல்வதை, அவர்கள் பயன்படுத்தும் சொற்களிலேயே எழுதிக்கொள்ளுங்கள். எந்தத் தோலை எதற்கு எடுப்பார்கள், கரணை போதும் என்று எதைக் கேட்டு முடிவு செய்வார்கள், ஒரு மிருதங்கத்துக்கு என்ன கூலி, யாரிடம் கற்றார்கள் என்பதெல்லாம் வேண்டும். அடுத்த ஆண்டு இதே மேடையில் அந்தக் குறிப்புகளை நீங்கள் வாசிக்க வேண்டும். முடிந்தால் அவர்களே வந்து பேச வேண்டும்.

ஜெய்பீம்.